டிராவில் நழுவிய தாக்குதல்: எஞ்சினைக் கேட்பதா, நாமே தேடுவதா, எதிராளியிடம் பேசுவதா?

ஜெயிக்க வேண்டிய செஸ் ஆட்டம் டிராவில் முடிந்தால் நம்மில் பலரும் முதலில் செய்வது, நகர்த்தல்களை ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினில் (நிலையை மதிப்பிடும் கணினி நிரல்) போட்டுப் பார்ப்பதுதான். மதிப்பீடு எந்த இடத்தில் 0.00-க்கு, அதாவது இரு பக்கமும் சமம் என்ற நிலைக்கு, விழுந்தது என்று உடனே தெரிந்துவிடும். சும்மா கிடைத்த காயை எடுக்காமல் விட்ட மாதிரி சமாச்சாரத்துக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் நழுவியது ஒரு தாக்குதல் என்றால் அந்த எண் பாதி பதில்தான், ஏனென்றால் அந்த வாய்ப்பு மனிதக் கண்ணுக்குத் தெரிந்திருக்கக் கூடியதா இல்லையா என்று அது சொல்லாது.

2018-ல் லண்டனில் மேக்னஸ் கார்ல்சனும் ஃபாபியானோ கருவானாவும் மோதிய உலக சாம்பியன்ஷிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், 12 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டமும் டிரா. முதல் ஆட்டத்தில் கருப்புக் காய்களுடன் ஆடிய கார்ல்சன் 34-வது நகர்த்தலில் ராணியை ஜி5 கட்டத்திலிருந்து இ5 கட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தால் கருவானா கடிகாரத்தில் நேரமும் இல்லாமல் திணறியிருப்பார். கார்ல்சன் சிப்பாயை ஹெச்5-க்குத் தள்ளினார், ஆட்டம் 115 நகர்த்தல் இழுத்து டிராவானது. ஆறாவது ஆட்டத்தில் கருவானாவுக்கு 68-வது நகர்த்தலில் பிஷப்பை ஹெச்4-க்கு வைத்து ஜெயிக்கும் வழி இருந்ததை ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது. ஆனால் அதற்கு அப்புறம் தன் குதிரையைத் தானே ஜி1-ல் கொண்டுபோய் அடைத்துக்கொள்ள வேண்டும், அதைப் பலகையில் உட்கார்ந்து யார் பார்ப்பார்? எஞ்சினுக்கு இரண்டுமே தவறவிட்ட வெற்றிதான், நமக்கு முதலாவதில்தான் பாடம் இருக்கிறது.

அந்தப் பாடம் எஞ்சினை மூடிவைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். வெள்ளைக் குதிரை ஜி4-ல் இருந்தவரை இ5 கட்டத்தைக் காவல் காத்தது. அது ஹெச்2-க்குப் பின்வாங்கியதும் இ5 திறந்துவிட்டது, அங்கிருந்து ராணிக்கு பி2 வரை மூலைவாட்டில் பாதை, பி2-ல் இறங்கினால் சி2, ஏ2 இரண்டு சிப்பாயும் மாட்டும். "எதிராளி இப்போது நகர்த்திய காய் எந்தக் கட்டத்தைக் கைவிட்டது?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும், நகர்த்தல் தானாக வந்து நிற்கும். மெதுவான வழிதான், நம் கணக்கில் ஓட்டையும் இருக்கும், ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்குக் கூட வருவது இந்தக் கேள்விதான்.

மூன்றாவது, ஆட்டம் முடிந்த கையோடு எதிராளியுடன் உட்கார்ந்து பேசுவது. இதைப் பலர் மதிப்பதில்லை, எனக்கு அது வருத்தம்தான். நாம் யோசிக்கவே யோசிக்காத ஒரு காய் பலியை நினைத்து அவர் பயந்துகொண்டே இருந்திருப்பார், அது எந்த எஞ்சினிலும் கிடைக்காது. அவர் சொல்வதெல்லாம் சரியாக இருக்காது, அதைச் சரிபார்க்கத்தான் ஸ்டாக்ஃபிஷ் இருக்கிறதே.

என்னைக் கேட்டால் முதலில் எதிராளி, அப்புறம் சொந்தக் கணக்கு, கடைசியில் எஞ்சின். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பக்கத்திலும் மீதி நேரத்தை ஸ்கோர்ஷீட்டிலேயே (நகர்த்தல்களை எழுதும் தாள்) குறித்துவிடுங்கள், வாய்ப்பு கண்ணில் படாமல் போனதா, நேர நெருக்கடியில் போனதா என்பது அதில்தான் தெரியும்.