ஒரே மிருதங்கம், இரண்டு மூலை

கிள்ளானில் புதுவீடு குடிபோகும் மச்சான் போன வாரம் போன் செய்தான். ஹாலுக்கு 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், கனத்த அடிச்சத்தத்துக்குத் தனியாக ஒரு சப்வூஃபர்) வாங்குவதா, நல்ல ஜோடி ஸ்பீக்கர் போதுமா என்று கேள்வி. அன்றைக்குத்தான் என் பழைய ஜோடியைப் பழுதுபார்த்து வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தேன். அதனால் இதில் கொஞ்சம் சூடு இருக்கும்.

செந்தூலில் எங்கள் பிளாட்டில் ஆறு வருடமாக 5.1 செட் ஓடுகிறது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிவிக்குக் கீழே இருக்கும் சென்டர் ஸ்பீக்கருக்கே கொடுத்த காசு தகும். இடியும் மழையும் பின்னணி இசையும் சேர்ந்து கொட்டினாலும் வசனம் தனியாகத் தெளிவாக வரும். அம்மாவுக்குக் காது சற்று மந்தம். "என்னடா சொன்னான்?" என்று கேட்பதையே விட்டுவிட்டார்.

படம் பார்க்கும்வரை எல்லாம் சரி. ஒரு ஞாயிறு காலை பசியாறிவிட்டுக் கச்சேரி போட்டேன். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் வலது பக்கமான வலந்தலையின் ‘நம்’ சுவரில் மாட்டிய குட்டி ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. இடது பக்கமான தொப்பியின் ‘தொம்’ செருப்பு அலமாரிப் பக்கம் சப்வூஃபரிலிருந்து வருகிறது. வித்வானின் இடது கை வாசல் மூலையில், வலது கை சுவரில்! ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு வேறெதுவும் காதில் விழாது.

குட்டிகளின் கூம்பு 3 அங்குலம்தான். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிக்கு அதற்கு மூச்சில்லை, மிச்சத்தை சப்வூஃபர் தலையில் கட்டுகிறது. ஆனால் சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால்தான் சத்தம் வரும் திசை காதுக்குப் பிடிபடாது. சரி என்று ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவரில், சப்வூஃபருக்குப் பிரித்துவிடும் எல்லையை 80 என்று வைத்துப் பார்த்தேன். இன்னும் மோசம். 80க்கும் 150க்கும் இடையில் இருப்பதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் சட்ஜமே (ஆதார ‘ஸ’) சுமார் 130 ஹெர்ட்ஸ். அதுவே அந்தக் குழிக்குள் விழுந்தது. பாடகருக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது.

பழைய ஜோடிக்கு ஆறரை அங்குல வூஃபர். கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் நம்மூர் வெக்கையிலும் ஈரத்திலும் தொட்டால் உதிரும் அளவுக்குப் போயிருந்தது. புடுவில் ஜாலான் பசாரில் ஒரு சீன அங்கிளிடம் கொடுத்தேன். ரப்பர் வளையம் போடச் சொன்னதற்கு, கூம்பின் அசைவே மாறிவிடும் என்று மறுத்து, அதே அளவு ஃபோமையே ஒட்டிக்கொடுத்தார். இரண்டுக்கும் 120 வெள்ளி. வீட்டில் முதலில் போட்டது அதே கச்சேரி. மிருதங்கம் ஒரே இடத்தில், ஒரே ஆளின் மடியில் இருந்தது.

மச்சானிடம் சொல்லிவிட்டேன்: முதலில் ரிசீவரும் நல்ல ஜோடியும் வாங்கு, சென்டரை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம், 5.1 செட்டாக வாங்கவே வாங்காதே.

"அப்போ உன் செட்டை எனக்கு விற்றுவிடு" என்றான். முடியாது என்றேன். அம்மாவுக்கு வசனம் கேட்க வேண்டும். சப்வூஃபரை மட்டும் வேண்டுமானால் சும்மாவே எடுத்துக்கொண்டு போ என்றேன்.