அம்மாவின் டேப்லெட்டும் "ரீசெட் பண்ணிடலாம்" என்ற பதிலும்

இந்த முறை விடுப்பில் ஊருக்குப் போனபோது என் முதல் மூன்று நாளும் அம்மாவின் டேப்லெட்டோடுதான் கழிந்தன. பேத்தியோடு பேச அம்மாவுக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். "அவ முகம் தெரியுற நேரத்துல அணைஞ்சு போகுதும்மா" என்று ஒரு மாதமாகவே போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து நான்தான் அலட்சியமாக இருந்துவிட்டேன். நேரில் பார்த்தபோதுதான் புரிந்தது: மென்பொருள் அப்டேட் ஆன நாளிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை கறுத்து, லோகோ வந்து, தானாக மறுபடி ஆன் ஆகிறது.

சர்வீஸுக்கு எடுத்துப் போனோம். கவுன்டரில் இருந்தவர் இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ரீசெட் பண்ணிடலாம், அதுக்கும் சரியாகலைன்னா போர்டு போயிருக்கும்" என்றார். எப்போது அணைகிறது, எந்தச் செயலி திறந்திருக்கும்போது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. படங்கள் எல்லாம் போய்விடுமே என்று அம்மா பதறியதும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

வீட்டில் முதலில் கவனித்தது, ஒரு செயலி மட்டும் மூடுகிறதா, டேப்லெட்டே மறுதொடக்கம் ஆகிறதா என்பதை. இரண்டும் வேறு வேறு நோய். 2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன. அதற்குக் காரணம், செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் 'வெப்வியூ' என்ற ஒரு பாகத்தின் பிழையான அப்டேட். பிளே ஸ்டோரில் அதைப் புதுப்பித்ததும் சரியானது. எங்களுடையது அந்த வகை இல்லை, முழுதாக அணைந்து எழுகிறது.

அடுத்து சேமிப்பிடம். 32 ஜிபியில் கிட்டத்தட்ட எதுவுமே மிச்சமில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் வந்த காலை வணக்க வீடியோக்கள்தான் பாதி. முக்கியமான படங்களைக் கணினிக்கு நகலெடுத்துவிட்டு மற்றதை அழித்தோம். கொஞ்சம் தேறியது, முழுதாகச் சரியாகவில்லை.

பிறகு 'சேஃப் மோட்'. அணைக்கும் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதைச் சில நொடி அழுத்திப் பிடித்தால், சேஃப் மோடுக்குப் போகலாமா என்று பல மாடல்களில் கேட்கும். அதில் நாமாக நிறுவிய செயலிகள் இயங்காது. இரண்டு மணி நேரம் ஒருமுறைகூட அணையவில்லை! போர்டில் பழுது இருந்தால் பெரும்பாலும் சேஃப் மோடிலும் அணைந்திருக்கும். கடைசியாக நிறுவியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினேன். மூன்றாவதாக நீக்கியது, விளம்பரம் பார்த்து அம்மா போட்டுக்கொண்ட 'மெமரி கிளீனர்'. அதோடு நின்றது. ஆண்ட்ராய்டு தன் நினைவகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். இப்படி ஒரு செயலி எவருக்கும் தேவையில்லை.

டேப்லெட் முழுதாக ஆன் ஆகும் முன் பட்டன்களை அழுத்தித் திறக்கும் 'ரிகவரி மெனு'வில், தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' செய்யுமாறு உதவி எண்ணில் பேசிய பெண் பொறுமையாகச் சொன்னார். நான் அதைத் தொடவில்லை. பக்கத்து வரியிலேயே, கவுன்டரில் சொன்ன அந்த முழு ரீசெட் ('ஃபேக்டரி ரீசெட்') இருந்தது, விரல் தவறினால் எல்லாம் போச்சு.

என்னை உண்மையில் பயமுறுத்தியது இனிமேல் சொல்லப்போவது. அம்மாவின் கூகுள் கணக்கைத் திறந்தது நான், வெளிநாட்டிலிருந்து, என் எண்ணைக் கொடுத்து. ரிகவரி மெனு வழியாக ரீசெட் செய்தால், பழைய கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ கேட்காமல் டேப்லெட் உள்ளே விடாது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் இருக்கும் திருட்டுத் தடுப்பு அது. நான் இல்லாத நேரத்தில் அந்தக் கவுன்டரில் ரீசெட் ஆகியிருந்தால், அம்மாவுக்குக் கடவுச்சொல் தெரியாது, சரிபார்ப்புக் குறியீடு எனக்கு நள்ளிரவில் வந்திருக்கும். நம்மில் எத்தனை பேர் பெற்றோருக்கு இப்படித்தான் கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறோம்! சர்வீஸில் இருப்பவர்கள் ரீசெட்டுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கணக்கும் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கிறதா?" என்பதுதான்.

கிளம்பும் முன் மீட்பு எண்ணாக அம்மாவின் எண்ணையே மாற்றினேன். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, போனில் குறியீடு வராதபோது உள்ளே நுழைய கூகுள் தரும் பத்து பேக்கப் குறியீடுகளையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும் என்பதால், பயன்படுத்தியதை அடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளை அம்மா பீரோவில் பத்திரப்படுத்தி, பூட்டி, சாவி இருக்கும் இடத்தை எனக்குக் காட்டினார்.