பட்டு வேட்டியா, பருத்தியா, ஷெர்வானியா: கட்டிப் பார்த்தவன் கணக்கு

போன வாரம் தேவகோட்டையிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். "அண்ணே, பட்டு வேட்டி மட்டும் போதுமா, ஷெர்வானியும் எடுக்கணுமா? பொண்ணு வீட்ல கேக்குறாங்க" என்றான். ஒரு வரியில் முடித்திருக்க வேண்டிய பதில் முக்கால் மணி நேரம் ஓடியது. அவனிடம் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. முகூர்த்தத்துக்கு அசல் ஜரிகை போட்ட 8 முழப் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் எடுத்தோம், 11,500 ரூபாய். மாலை வரவேற்புக்கு மதுரையில் ஒரு ஷெர்வானி, ஒரு நாள் வாடகை 4,000. அக்காவைக் கட்டிய அயித்தான் அவர் கல்யாணத்துக்கு ஜரிகைக் கரை வைத்த பருத்தி வேட்டிதான் கட்டினார். அப்போது 1,400 ரூபாய் என்று ஞாபகம். ஆக, நான் உடுத்திப் பார்த்தது இரண்டு, பக்கத்திலிருந்து பார்த்தது ஒன்று.

வெயிலுக்குப் பருத்தி சுகம், போட்டோவுக்கு ஷெர்வானி எடுப்பு, பெரியவர்கள் கண்ணுக்குப் பட்டு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஷெர்வானியை முதலில் முடித்துவிடுகிறேன். வடக்கே அதற்கென்று ஒரு மரபு இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் செட்டிநாட்டு வீட்டு அமைப்புக்குத்தான் அது ஒத்துவரவில்லை. செருப்பை முகப்பிலேயே கழற்றிவிட்டுத்தானே வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள் போகிறோம்? ஷெர்வானியோடு கொடுத்த முனை வளைந்த ஜோடு வாசலில் கிடந்தது. நான் தங்க நிற வேலைப்பாடும் கழுத்து வரை பொத்தானுமாக, ஆத்தங்குடித் தரைக் கல்லில் வெறுங்காலோடு நின்றேன். ஆல்பத்தில் முழு உருவப் படம் எல்லாவற்றிலும் கண் நேராகக் காலுக்குத்தான் போகிறது.

அப்புறம் கும்பிடுவது. ஐயாமார், ஆச்சிமார் என்று அன்று மாலை முப்பது நாற்பது பேர் காலிலாவது விழுந்திருப்பேன். ஒவ்வொரு முறை குனியும்போதும் அக்குளில் தையல் இழுத்தது. உள்ளே பாலியஸ்டர் லைனிங், வைகாசிப் புழுக்கம். மண்டபத்தில் ஏசி போட்டு, மேடையில் நின்றபடியே கை கொடுப்பதோடு முடிகிற வரவேற்பென்றால் இந்தத் தொல்லை இருக்காது. நான் போட்டிருந்தது மூன்றரை மணி நேரம், அதுவும் வாடகைத் துணி. அளவெடுத்துத் தைத்தது இதைவிட நன்றாக உட்காரலாம். எப்படியிருந்தாலும் ஷெர்வானி ஆசை இருப்பவர்கள் வாடகைக்கே எடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு எட்டு கிலோ ஏறியிருக்கிறது. அன்று வாங்கியிருந்தால் இன்று ஒரு பொத்தான்கூடப் போட முடியாது. வேட்டிக்கு அந்தக் கவலையே இல்லை.

பருத்தி வேட்டியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அயித்தான் அதே வேட்டியைப் பொங்கலுக்கும் பிள்ளையார்பட்டிக்கும் கட்டிக் கட்டி, இப்போது கரை மட்டும் மினுங்குகிறது. துவைத்து, கஞ்சி போட்டு, வெயிலில் உலர்த்தினால் முடிந்தது. பராமரிப்பு என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை. ஒரே குறை, மணவறையில் பெண் காஞ்சிப் பட்டில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் மாப்பிள்ளை கொஞ்சம் வெளிறித் தெரிகிறார். அக்கா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

சரி, பட்டுக்கு வருவோம். நான் இந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் பட்டு என்று பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் பட்டு இல்லை. சட்டைத் துணி, வேட்டி, துண்டு மூன்றும் சேர்த்து இரண்டாயிரத்துக்கு விற்கும் செட் பெரும்பாலும் ஆர்ட் பட்டு, அதாவது செயற்கை இழை. பளபளப்பு இருக்கும், வியர்த்தால் தொடையோடு ஒட்டும். நிச்சயதார்த்தத்துக்கு நானே ஏமாந்தேன். அசல் என்றுதான் கொடுத்தார்கள், கடைப் பெயர் வேண்டாம். வீட்டுக்கு வந்து ஓர நூல் ஒன்றைக் கொளுத்தினால் உருகிக் கெட்டியாகக் குமிழ் கட்டியது. அசல் பட்டு நூல் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் தேய்த்தால் பொடியாகும்.

மத்தியப் பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்த சில்க் மார்க் சீட்டு இருந்தால் பட்டைப் பற்றிய கவலை தீர்ந்தது. ஜரிகைக்கு அந்தச் சீட்டு பேசாது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியது. பிரித்தால் உள்ளே இருக்கும் பட்டு நூல் சிவப்பாக இருக்கும். கடைக்காரர் ‘ஹாஃப் ஃபைன்’ என்று மெல்லச் சொல்வது செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம் போட்டது, சுரண்டினால் செம்பு நிறம் எட்டிப் பார்க்கும்.

இவ்வளவு மெனக்கெட்டு அசலை ஏன் வாங்க வேண்டும்? வாங்கிய பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. என்னைக் கேட்டால் முடிவு செய்ய வேண்டிய இடமும் அதுதான்.

எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டு அறையில் ஒரு பர்மாத் தேக்குப் பெட்டகம் இருக்கிறது. என் கல்யாணத்துக்குச் சாமான் எடுக்கும்போது ஐயாவின் (தாத்தாவின்) கல்யாண வேட்டி அதிலிருந்து வெளியே வந்தது. அறுபது வருடத்துக்கு மேல் ஆன பட்டு. அப்பத்தா மடியில் வைத்து விரித்தார்கள். விரிக்க விரிக்க மடிப்பு விழுந்த இடமெல்லாம், கத்தரித்தது போல நேர்கோட்டில் விட்டுப்போனது. கரை மட்டும் அப்படியே இருந்தது. துடைத்தால் மினுக்கம்கூட வந்தது. வைத்த மடிப்பை யாரும் மாற்றவே இல்லை. அதுதான் வினை.

அன்றிலிருந்து என் வேட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, உதறி, பழைய மடிப்பு விழாத இடத்தில் மடித்து வைக்கிறேன். பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி வைப்பதோடு சரி. பிளாஸ்டிக் உறை கிடையாது. அந்துருண்டையை ஜரிகை மேல் படும்படி போடுவதில்லை. சென்ட்டை நேராகத் துணியில் அடிப்பதும் இல்லை. வெள்ளி கறுத்துவிடும். கட்டி அவிழ்த்த அன்றே மடிக்கக் கூடாது, வியர்வை காயும்வரை நிழலில் கொடியில் கிடக்கட்டும். இவ்வளவுதான் வேலை. வருடத்துக்கு நான்கு முறை, தடவைக்குப் பத்து நிமிடம்.

கறை விஷயத்தில் ஒரு தடவை உயிர் போய் வந்தது. முகூர்த்தத்தில் விழுந்த மஞ்சள் அரிசியில் ஈரம் இருந்திருக்கிறது, வேட்டியின் முன்மடிப்பில் உள்ளங்கை அளவு மஞ்சள். மறுநாள் சோப்புப் போட்டு லேசாகத் தேய்த்தேன். மஞ்சள் அப்படியே ரத்தச் சிவப்பாக மாறியது! பதினோராயிரம் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். புது மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள், அவள் வேதியியல் படித்தவள். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், தண்ணீரில் அலசு என்றாள். அலசினேன், பழையபடி மஞ்சளானது. மஞ்சளுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் மூன்று நாள் காலை வெயிலில், அரை மணி அரை மணியாகக் காட்டினோம். முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் எனக்கு மட்டும் தெரியும். உச்சி வெயிலில் போட்டுவிடாதீர்கள், வெண்பட்டு பழுத்துவிடும். நெய்க்கறைக்கு என்ன செய்வது என்று கேட்டால் டிரை கிளீனிங் என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டு வருடத்தில் அந்த வேட்டியை ஏழு முறை கட்டியாகிவிட்டது. கரை இரண்டு இஞ்சுக்குள் இருந்ததால்தான் அது முடிந்தது. கடையில் ஆறு இஞ்ச் கரையில் மயிலும் மாங்காயுமாக எடுத்துப் போட்டுக் காட்டினார்கள், அப்பச்சிக்கும் (அப்பாவுக்கும்) அதில்தான் ஆசை. அதைக் கட்டிக்கொண்டு மச்சினன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குப் போனால் மாப்பிள்ளை யார் என்று தேடுவார்கள். சேலம் வெண்பட்டில் மெல்லிய கரை போட்டது எளிதாகக் கிடைக்கும். காஞ்சிபுரம், ஆரணிப் பக்கமும் நெய்கிறார்கள். பட்டு வழுக்கும், அதனால் உள்ளே பெல்ட் கட்டாயம். முதல் நாளே வீட்டில் கட்டி, நாலு தடவை விழுந்து எழுந்து பாருங்கள்.

விற்றால் என்ன வரும் என்றும் தம்பி கேட்டான். செட்டிநாட்டுக்காரன் கேட்காமல் இருப்பானா! காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பீங்கான், எனாமல் தூக்கு, பழைய படம் எதற்கும் ஆள் உண்டு. ஆம்பளை வேட்டியை அங்கே யாரும் சீண்டுவதாகத் தெரியவில்லை. அசல் ஜரிகை என்றால், எரித்து வெள்ளியைப் பிரிக்க எடை போட்டு எடுப்பவர்கள் உண்டு. மெல்லிய கரையில் எவ்வளவு வெள்ளி தேறிவிடும்? போட்ட பணத்தில் சிறு பங்குகூட வராது. ஹாஃப் ஃபைனுக்கு அதுவும் இல்லை. ஐயாவின் வேட்டியை எடைக்கு ஒருவர் கேட்டார். அப்பத்தா பதில் சொல்லவில்லை, பெட்டகத்தை மூடிவிட்டார்கள்.

நேற்று தம்பி கடையிலிருந்தே படம் அனுப்பினான், இரண்டு இஞ்ச் கரை, வெண்பட்டு. ஓரத்து ஜரிகை நூலைப் பிரித்துக் காட்டச் சொல்லு என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் இன்னொரு படம் வந்தது. கடைக்காரரின் கட்டைவிரல் நகத்தின் மேல் அரை இஞ்ச் நூல், உள்ளே சிவப்பு.