34 பேர் டெஸ்க்டாப்புக்கு ஒரே ரோபோகாப்பி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறேன். மெர்சண்டைசர், கணக்குப் பிரிவு, பேக்கிங் என்று 34 பேர் ஒரே விண்டோஸ் சர்வரில் லாகின் செய்து வேலை பார்க்கிறார்கள். பையர் அளவுகளை மாற்றினால், பழைய எக்செல் ஷீட்டை அத்தனை டெஸ்க்டாப்பிலிருந்தும் எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். ஒருத்தர் பழைய ஷீட்டை நம்பினாலும் சாம்பிள் தப்பாகிவிடும். முன்பு ஒவ்வொரு போல்டராகத் திறந்து கையால்தான் செய்தேன். அப்படியும் சாயங்காலம் போன் வரும்: "ஏனுங்கண்ணா, என்ற டெஸ்க்டாப்புல இன்னும் பழைய ஷீட்டுதானுங்க இருக்குது."

மூன்று வருடமாக இதை ரோபோகாப்பி என்ற, கோப்புகளை நகலெடுக்கும் கட்டளை செய்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸோடு வருகிறது. நான் எழுதியது சின்ன பேட்ச் கோப்பு, அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு. யூசர்ஸ் போல்டருக்குள் ஒவ்வொரு பெயராக லூப் போகும், ரோபோகாப்பி புதிய ஷீட்டைப் போடும், அப்புறம் டெல் கட்டளை பழையதை நீக்கும். புதியது போய்ச் சேர்ந்தால்தான் பழையதைத் தொட விடுவேன். ரோபோகாப்பி முடிவில் தரும் எண்ணைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். 8க்குக் கீழே என்றால் காப்பி தோற்கவில்லை. 1 வந்தால் பிழை என்று பயப்பட வேண்டாம், கோப்பு போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

கட்டளையோடு சேர்த்து எழுதும் விருப்பங்களுக்கு சுவிட்ச் என்று பெயர். அதில் எம்ஐஆர் (/MIR) சுவிட்சிடம் மட்டும் கவனமாக இருங்கள். மூலத்தில் இல்லாத எதையும் சேருமிடத்தில் அது விட்டுவைக்காது. ஒருமுறை பேக்கப் எடுக்கும்போது இரண்டு பாதைகளையும் நான் மாற்றிப் போட்டுவிட்டேன். காலியாக இருந்த பேக்கப் போல்டர் மூலமாகிவிட்டது. திரையில் 'எக்ஸ்ட்ரா ஃபைல்' என்று வரிவரியாக ஓடியது. ஒவ்வொரு வரியும் ஒரு மெர்சண்டைசரின் காஸ்டிங் ஷீட். நீக்கியது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. முந்தின இரவு எடுத்த வேறொரு பிரதிதான் காப்பாற்றியது. அன்றிலிருந்து எல் (/L) சுவிட்ச் போட்டு ஒருமுறை ஓட்டாமல் எதையும் ஓட்டுவதில்லை. எது போகும், எது அழியும் என்று பட்டியல் மட்டும் காட்டும், எதையும் தொடாது.

இன்னொன்று, ஷீட்டை யாராவது திறந்து வைத்திருந்தால் ரோபோகாப்பி 30 வினாடிக்கு ஒருமுறை, 10 லட்சம் தடவை வரை முயன்றுகொண்டே இருக்கும். இது அதன் வழக்கமான அமைப்பு. நான் இரண்டு முயற்சி, ஐந்து வினாடி என்று குறைத்து, லாக் கோப்பும் எழுத வைத்திருக்கிறேன். யூசர் போல்டரை முழுதாக பேக்கப் எடுப்பவர்கள் எக்ஸ்ஜே (/XJ) சுவிட்சையும் சேருங்கள். இல்லாவிட்டால் ஜங்ஷன் (வேறொரு போல்டருக்குத் திருப்பிவிடும் இணைப்பு) வழியாக உள்ளேயே சுற்றிச் சுற்றிப் போகும்.

புதியவர் முதல்முறை லாகின் செய்யும்போது யூசர்ஸுக்குள் இருக்கும் டிஃபால்ட் போல்டரைப் பார்த்துத்தான் விண்டோஸ் அவருடைய டெஸ்க்டாப்பை உருவாக்கும். அந்த போல்டர் மறைந்திருப்பதால் லூப் கண்ணில் படாது. அதற்குத் தனியாக ஒரு வரி எழுதி, அதன் டெஸ்க்டாப்பிலும் ஷீட்டைப் போடுகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் முதல் லாகின் முடிந்ததுமே கூப்பிட்டது: "அண்ணா, அளவு ஷீட்டு ஏற்கெனவே வந்திருக்குதுங்ண்ணா."