கொளத்தூர் தொட்டி, பார்சல் லாரி: எதற்கு எத்தனை மதிப்பெண்?

சென்னை கொளத்தூரில் கேட்ட அளவுக்கு மீன்தொட்டி ஒட்டிக் கொடுக்கும் கடைகள் நிறைய. வெளியூரில் இருப்பவர் நான்குக்கு இரண்டுக்கு இரண்டு அடி, 12 மி.மீ. எக்ஸ்ட்ரா கிளியர் (பச்சைச் சாயல் குறைந்த) கண்ணாடி, நிரம்பும் நீர் வெளியேற ஓவர்ஃப்ளோ துளையோடு வேண்டும் என்று போனிலேயே ஆர்டர் கொடுத்துவிடலாம். ஒட்டும் வேலை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தொட்டி கெடுவது அதற்குப் பிறகு, மதுரை என்றால் சுமார் 460 கிலோமீட்டர் பயணத்தில். அந்தப் பயணத்துக்குப் பலரும் நம்பும் பார்சல் லாரி சேவையைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். எந்த ஒரு நிறுவனத்தையும் குறித்து அல்ல, இந்த முறையையே.

வாடகைக்கும் வேகத்துக்கும் ஐந்துக்கு நான்கு தரலாம். கண்ணாடியைக் கையாளும் விதத்துக்கு ஒன்றரைக்கு மேல் தர முடியாது. அதற்கு லோடுமேன்களைத் திட்டிப் பயனில்லை. கணக்கைப் பாருங்கள். இந்த அளவுத் தொட்டியின் ஐந்து கண்ணாடிப் பலகைகளும் சேர்ந்து 2.88 சதுர மீட்டர். 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஆக வெறும் தொட்டியே 86 கிலோ; பிளைவுட் பெட்டியும் ரீப்பர் எனும் மரச்சட்டமும் சேர்ந்தால் 120-ஐத் தாண்டும். நான்கு பேர் தூக்க வேண்டிய சரக்கு. புக்கிங் ஆபீஸில் இருப்பது பெரும்பாலும் இரண்டு பேர். இரண்டு பேர் என்றால் ஒரு பக்கம் சாய்த்து, ஒரு விளிம்பில் நிறுத்தி, இழுப்பதைத் தவிர வழி இல்லை. மொத்த எடையும் ஒரு கீழ் மூலையில் இறங்கும். தொட்டி முதலில் உடையும் இடம் அதுதான்.

இரண்டாவது காரணம் வண்டி மாற்றம். கடையிலிருந்து புக்கிங் ஆபீஸுக்குச் சின்ன வண்டி, அங்கிருந்து பெரிய லாரி, ஊர் கோடவுனிலிருந்து வீட்டுக்கு மறுபடி சின்ன வண்டி. குறைந்தது ஆறு முறை தூக்கி இறக்கல். ‘கண்ணாடி, கவனம்’ என்ற ஸ்டிக்கரால் இந்த ஆறில் ஒன்றுகூடக் குறையாது. கோடவுன் டெலிவரி எடுத்து, உங்கள் ஆட்களோடு போய் இறக்கிக்கொண்டால் கடைசி இரண்டு முறையாவது உங்கள் கையில் இருக்கும். தொட்டி ஐந்தடிக்கு மேல் போனால் பார்சல் லாரியை யோசிக்கவே வேண்டாம். குட்டி யானையைத் தனி வாடகைக்குப் பிடியுங்கள். செலவு பல மடங்குதான், ஆனால் ஏற்றுவது ஒரு முறை, இறக்குவது ஒரு முறை.

பேக்கிங்கில் அடிக்கடி பார்க்கும் தவறுகள் உண்டு. நான்கு பக்கமும் தெர்மாகோல் வைத்து, அட்டை சுற்றி, மேலே ரீப்பர் சட்டம் மட்டும் அடித்து அனுப்புவது முதல் தவறு. சட்டத்தின் இடைவெளி வழியாகப் பக்கத்துச் சரக்கின் மூலை நேராகக் கண்ணாடியில் இடிக்கும். ஆறு பக்கமும் மூடிய 12 மி.மீ. பிளைவுட் பெட்டி வேண்டும். தொட்டிக்கும் பிளைவுட்டுக்கும் இடையே சுற்றிலும் மேலேயும் குறைந்தது 50 மி.மீ. இடைவெளி, அதில் கெட்டியான தெர்மாகோல் இறுக்கமாக. அடியில் 25 மி.மீ. தெர்மாகோல் அடிப்பலகை முழுவதற்கும் பரவியிருக்க வேண்டும், துண்டு துண்டாக அல்ல. பெட்டிக்கு அடியில் மூன்று அங்குல உயரத்தில் இரண்டு மரக்கட்டை வைத்தால் கை நுழைத்துத் தூக்க வழி கிடைக்கும், இழுப்பது குறையும். ஆணி வேண்டாம், ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். ஆணி அடிக்கும் அதிர்ச்சி ஒன்று, வளைந்து உள்ளே போகும் ஆணி இன்னொன்று.

தொட்டிக்குள்ளே எதையும் வைத்து அனுப்பக் கூடாது. சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டுத் தொட்டி), கல், ஃபில்டர் என்று ‘சும்மா போகிற இடம்தானே’ என்று கடைக்காரர் உள்ளே வைப்பார். ஒரு பள்ளத்தில் லாரி குதித்தால் அவை உள்ளிருந்தே உடைக்கும். துளையில் குழாய் இணைக்கும் டேங்க் நிப்பிளை மாட்டியும் அனுப்ப வேண்டாம். துளையின் விளிம்பு ஏற்கெனவே பலவீனமான இடம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிப்பிளில் ஒரு தட்டு பட்டால் அங்கிருந்து விரிசல் ஓடும்.

ஒட்டிய தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். அசிட்டிக் சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கி, மேலிருந்து உள்நோக்கி ஒரு நாளைக்கு 2 முதல் 3 மி.மீ. வரைதான் இறுகும். ஏழு நாள் ஆகாத தொட்டியை வண்டியில் ஏற்றவே கூடாது. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் அடித்தால் சிலிக்கான் இன்னும் இறுகவில்லை, இணைப்பு வழியில் அசைந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

இனி காகிதம். பணம் திரும்ப வருமா வராதா என்பது உடைவதற்கு முன்பே, புக்கிங் கவுன்ட்டரில் தீர்மானமாகிவிடுகிறது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும் லாரி நிறுவனத்தின் பொறுப்பை வாடகையின் பத்து மடங்கோடு நிறுத்துகின்றன. வாடகை 1,500 ரூபாய் என்றால் 15,000. தொட்டி 40,000 என்றாலும் அவ்வளவுதான். கூடுதல் மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் கட்டினால்தான் அந்த வரம்பு உயரும். லாரி நிறுவனம் தரும் எல்.ஆர். ரசீதில் மதிப்பு எழுதும் கட்டத்தைக் காலியாக விடவும் கூடாது, வரிக்குப் பயந்து 5,000 என்று குறைத்து எழுதவும் கூடாது. எழுதிய மதிப்புக்கு மேல் கிடைக்காது. ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ (சேதம் சரக்கு உரிமையாளரின் பொறுப்பு) என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். அந்த இரண்டு சொல்லால் மட்டும் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து லாரி நிறுவனம் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லியிருக்கிறது.

கடையோடும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி, விற்பவர் லாரியில் ஒப்படைத்தாலே, பொதுவாக, வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகத்தான் பொருள். ‘நாங்க நல்லா பேக் பண்ணி ஏத்திட்டோம் சார்’ என்று கடைக்காரர் சொன்னால் அவர் பக்கம் சட்டம் இருக்கிறது. அதனால் வீட்டில் முழுசாக இறங்கும் வரை சேதம் கடையின் பொறுப்பு என்று முன்பணம் அனுப்பும் முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மறுக்கிற கடை என்றால் டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுங்கள், அதிலும் ‘ஏ’ வகை விதிகளில். ‘பி’ வகை விபத்து, தீ போன்ற பெயர் குறித்த ஆபத்துகளுக்குத்தான். வெறுமனே குலுங்கி உடைந்ததற்கு வராது. எந்த வகையானாலும் பேக்கிங் போதாது என்று இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் எழுதினால் கோரிக்கை விழுந்துவிடும். பெட்டி மூடுவதற்கு முன் கடையிலிருந்தே படம் வாங்கி வைப்பது அதற்காகத்தான்.

சரக்கு வந்ததும் டெலிவரி ஆள் அவசரப்படுத்துவார். கையெழுத்துக்கு முன் பெட்டியின் ஆறு பக்கத்தையும் எல்.ஆர். எண் தெரியும்படி படம் எடுங்கள். திறப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். திறக்க விடமாட்டேன் என்றால் டெலிவரி நகலில் ‘பெட்டியின் இடது கீழ் மூலை நசுங்கியுள்ளது, உள்ளே பார்க்காமல் பெற்றுக்கொண்டேன்’ என்று கையால் எழுதி அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்ற அச்சு வரிக்குக் கீழே வெறும் கையெழுத்துப் போட்டால், பிறகு நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிராக அது நிற்கும்.

உள்ளே பார்க்கும்போது முழு விரிசலைத் தேட வேண்டியதில்லை, அது தானே தெரியும். கண்ணுக்குத் தப்புவது இரண்டு. ஒன்று, விளிம்பில் சிப்பி வடிவில் பெயர்ந்த சிப்பு. டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மின்னும். மற்றது சிலிக்கான் இணைப்புக்குள் வெள்ளி நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும் இடம். அங்கே சிலிக்கான் கண்ணாடியை விட்டுப் பிரிந்திருக்கிறது. இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து பாருங்கள்; கடை அனுப்பிய அளவோடு ஒத்துப்போகாவிட்டால் தொட்டி முறுகியிருக்கிறது.

இவை தெரியாவிட்டாலும் தண்ணீர் சோதனை கட்டாயம். சமமான தரையில், கீழே 25 மி.மீ. தெர்மாகோல் போட்டு, வீட்டுக்கு வெளியே. கால் பங்கு நிரப்பிச் சில மணி நேரம் விடுங்கள், பிறகு அரை, முக்கால், முழுசு. முழுசாக இரண்டு நாள். கீழ் இணைப்பை ஒட்டிச் சுற்றிலும் செய்தித்தாள் போட்டால் ஒரு சொட்டும் காட்டிக்கொடுக்கும். இந்த நிதானத்துக்குக் காரணம் இருக்கிறது. 432 லிட்டரும் நிரம்பும்போது முன்பலகை ஒன்றின் மேல் மட்டும் சுமார் 216 கிலோ தள்ளுவிசை இருக்கும். காலியாக இருக்கும்போது ஒன்றும் செய்யாத சிப்பு அந்த விசையில்தான் விரிசலாகிறது, சில சமயம் பல நாள் கழித்து.

எதைச் சரிசெய்யலாம்? மேல் விளிம்பில், இணைப்பைத் தொடாத சின்ன சிப்பை நனைத்த உப்புத்தாளால் மழுக்கிவிட்டால் போதும். சிலிக்கான் பிடித்திருக்கும் பரப்பையே சிப்பு தின்றிருந்தால் பலகையை மாற்ற வேண்டும். விரிசலின் மேல் கண்ணாடித் துண்டு ஒட்டும் வைத்தியத்தை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உள் ஓரப் பூச்சு மட்டும் கிழிந்து, பலகைகளுக்கு இடையே உள்ள இணைப்பு உறுதியாக இருந்தால், ஒழுகும் இடத்தில் மட்டும் தடவக் கூடாது. புதுச் சிலிக்கான் பழைய சிலிக்கானில் ஒட்டாது. உள் ஓரம் முழுவதையும் பிளேடால் சுரண்டி, அசிட்டோனில் துடைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே மூச்சில் இழுங்கள். மொத்த நீளம் ஆறு மீட்டர், 10 மி.மீ. ஓரத்துக்கு 300 மி.லி. பிடிக்கும். 280 மி.லி. டியூப் ஒன்று முடிக்கும் முன்பே தீர்ந்துவிடும், இரண்டு வாங்குங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் மீனுக்கு நஞ்சு, அது வேண்டாம்.

ஆனால் சரிசெய்வதற்கு முன் கோரிக்கையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். லாரி நிறுவனத்துக்கான நோட்டீஸ் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். டெலிவரி நாளிலிருந்து அல்ல. புக் செய்தது கடை என்றால் அவர்கள் பெயரிலும் ஒரு கடிதம் வாங்குங்கள். பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்ட்டில் எல்.ஆர். நகல், கடை பில், படங்கள், மாற்றுப் பலகைக்கான மதிப்பீட்டுச் சீட்டு ஆகியவற்றை வைத்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு.

அதுவரை உடைந்த பெட்டியை விறகாக்கிவிடாதீர்கள். சர்வேயர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். நல்ல பிளைவுட் என்றால் நசுங்கிய மூலையை மட்டும் மாற்றி, அடுத்த தொட்டியை அதே பெட்டியில் வரவழைத்துக்கொள்ளலாம்.