டர்போ எஞ்சினுக்கு மினரல் ஆயிலா, சிந்தெடிக் ஆயிலா?

வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போசார்ஜரின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். பெட்ரோல் எஞ்சினில் டர்பைனுக்குள், அதாவது புகை சுழற்றும் சக்கரத்துக்குள், வரும் புகையோ 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வண்டி ஓடும்வரை ஆயில் அந்தச் சூட்டை வாரிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. நெடுஞ்சாலையில் விரைந்து வந்து சட்டென்று எஞ்சினை அணைத்தால்தான் ஆபத்து: ஆயில் ஓட்டம் நிற்கும், டர்பைனின் சூடு பேரிங்குக்குள் ஏறும், தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும்.

மினரல் ஆயில் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. அதில் பலவித மூலக்கூறுகள் கலந்திருக்கின்றன. சிறியவை எளிதில் ஆவியாகும். நிலைத்தன்மை குறைந்தவை ஆக்சிஜனுடன் சேர்ந்து அமிலமாகவும் பிசினாகவும் மாறும். வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஆக்சிஜனேற்ற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாவதால், இந்தக் குறை டர்போவில் பெரிதாக வெளிப்படும். பிஏஓ (பாலி ஆல்ஃபா ஓலெஃபின்) என்பது வேதிமுறையில் செயற்கையாக உருவாக்கும் எண்ணெய். இவ்வகை சிந்தெடிக் ஆயிலின் மூலக்கூறுகள் சீரானவை, நிறைவுற்றவை, அதாவது ஆக்சிஜனுடன் எளிதில் சேராதவை. ஆவியாவதும் குறைவு, கரி படிவதும் குறைவு. கடும் குளிரிலும் இளகி ஓடி, பேரிங்கை விரைவில் எட்டும்.

ஹைட்ரஜன் கொண்டு ஆழமாகச் சுத்திகரித்த கச்சா எண்ணெயும் பல நாடுகளில் சிந்தெடிக் என்றே விற்கப்படுகிறது. அதுவும் நல்ல ஆயில்தான். விலையில் மினரல் மலிவு, டர்போ இல்லாத பழைய எஞ்சின்கள் பலவற்றுக்கு அதுவே போதும். டர்போ வண்டிக்கு நான் ஊற்றுவது சிந்தெடிக்தான், அதுவும் கையேடு சொல்லும் தரக்குறியீடு உள்ளதை மட்டும். வேகமாக ஓட்டி வந்தால் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டே அணைக்கிறேன்.