கட்டணம் வாங்கும் குற்றவியல் சட்டக் கட்டுரைப் போட்டிகள்: பணம் கட்டுமுன் சட்ட மாணவர்கள் கவனிக்க

2024 ஜூலை 1 அன்று மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, அவற்றைத் தலைப்பாக வைத்துத் 'தேசிய அளவிலான கட்டுரைப் போட்டி' என்று சட்டக் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் வந்து விழும் சுவரொட்டிகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் நேர்மையாக நடத்தப்படுபவையும் உண்டு. நானும் என் வகுப்புத் தோழியும் பணம் கட்டிக் கலந்துகொண்ட போட்டி அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. நடத்திய அமைப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் முன் நிலுவையில் இருப்பது ஒரு காரணம். பருவத்துக்கு ஒரு பெயரில் வருகிறவர்களைப் பெயரைக் கொண்டு தெரிந்துகொள்ள முடியாது, நடந்துகொள்ளும் முறையைக் கொண்டுதான் தெரிந்துகொள்ள முடியும் என்பது இன்னொரு காரணம்.

சுவரொட்டியில் குறை சொல்ல ஏதுமில்லை. முதல் பரிசு பத்தாயிரம் ரூபாய், சிறந்த பத்துக் கட்டுரைகள் ஐ.எஸ்.எஸ்.என். எண் உள்ள இதழில் வெளியீடு, முதல் மூன்று இடங்களைப் பிடிப்பவர்களுக்கு ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி, கலந்துகொள்ளும் அனைவருக்கும் மின்சான்றிதழ். நுழைவுக் கட்டணம் தனியாக எழுதினால் முந்நூறு ரூபாய், இருவர் சேர்ந்து எழுதினால் ஐந்நூறு. நடுவர் குழுவில் 'ஓய்வுபெற்ற நீதிபதிகளும் முன்னணிப் பேராசிரியர்களும்' இருப்பதாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் பெயர்கூட இல்லை. எங்கள் கல்லூரியில் இதைப் பரப்பியவர் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர். குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆள் சேர்த்தால் 'வளாகத் தூதர்' என்று அவருக்கும் ஒரு சான்றிதழ் கிடைக்கும் என்று பின்னர் தெரிந்தது. அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை, சி.வி.யில் ஒரு வரி சேர வேண்டும் என்ற அவசரம் எங்கள் எல்லோருக்கும் இருப்பதுதான், அதை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

நாங்கள் எழுதியது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் போலீசிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய 23-ஆம் பிரிவைப் பற்றி. பழைய 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27 என்று தனித்தனியாக நின்ற மூன்று பிரிவுகள் புதிய சட்டத்தில் ஒரே பிரிவுக்குள் வந்துவிட்டன. போலீஸ் காவலில் இருப்பவர் கொடுத்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் சாட்சியமாகக் கொள்ளலாம் என்ற பழைய 27-ஆம் பிரிவு இப்போது ஒரு வரம்புரையாக (முதன்மை விதிக்கு விலக்குச் சொல்லும் வாசகமாக) இறங்கியிருக்கிறது. இந்த இடமாற்றத்தால் பொருள் மாறுகிறதா, 1946-இல் புலுக்குரி கோட்டையா வழக்கில், ஆங்கிலேயர் காலத்தின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அதற்குப் போட்ட வரம்பு அப்படியே தொடருமா, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சொல்லும்போது பதிவே இல்லாத கைப்பற்றலை நீதிமன்றம் எவ்வளவு நம்பலாம் என்பவை எங்கள் கேள்விகள். தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தை இதற்குச் செலவிட்டோம் என்பதால்தான் பின்னால் நடந்தது இவ்வளவு உறுத்தியது.

கட்டுரையை அனுப்பிய பிறகு கடைசி நாள் தள்ளிப்போனது, மீண்டும் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் 'மாணவர்களின் பெருத்த வேண்டுகோளுக்கிணங்க' என்ற அதே வாசகம். அடுத்து, எங்கள் கட்டுரையில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 34 சதவீதம் இருப்பதாகவும், அனுமதிக்கப்பட்ட அளவு 15 சதவீதம் என்றும், இருநூற்றைம்பது ரூபாய் கட்டினால் மறுபரிசோதனை செய்வதாகவும் மின்னஞ்சல் வந்தது. பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். திருட்டு என்று வண்ணமிட்டுக் காட்டியிருந்தவை 23-ஆம் பிரிவின் முழு வாசகம், கோட்டையா தீர்ப்பிலிருந்து மேற்கோள் குறிக்குள் எடுத்துக் காட்டிய பத்தி, அடிக்குறிப்பிலிருந்த வழக்குகளின் பெயர்கள். சட்டத்தின் வாசகத்தைச் சொந்த நடையில் எழுதிய மாணவரை எந்த நடுவர் பாராட்டுவார் என்று தெரியவில்லை. மேற்கோள்களையும் அடிக்குறிப்புகளையும் விலக்கிக் கணக்கிடும் வசதி இத்தகைய மென்பொருள்களில் உண்டு. அதை வேண்டுமென்றே பயன்படுத்தாமல் விட்டால் சட்டக் கட்டுரை எதுவும் அந்த வரம்புக்குள் அடங்காது. நாங்கள் பணம் கட்ட மறுத்ததும் கட்டுரை எந்தத் திருத்தமும் இல்லாமல் 'ஏற்கப்பட்டது'.

முடிவுகள் பொதுவில் வெளியிடப்படவே இல்லை. கேட்டவர்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் தாள் ஒன்றின் ஒளிநகல் அனுப்பப்பட்டது. எங்கள் தாளில் தலைப்புத் தேர்வு, ஆய்வு, மொழி, அடிக்குறிப்பு, புதுமை என்ற ஐந்து கட்டங்களிலும் இருபதுக்குப் பதினாறு. கீழே நடுவரின் கருத்தாக ஆங்கிலத்தில் ஒரே வரி: கொலைக் குற்றம் பற்றிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவைச் சிறப்பாக அலசியிருக்கிறோமாம். எங்கள் கட்டுரையில் 302 என்ற எண் எங்குமே இல்லை. வேறு கல்லூரியில் படிக்கும் தோழியின் உறவினர் ஒருவர் சிறார் நீதி பற்றி எழுதியிருந்தார். அவருக்கு வந்த தாளிலும் ஐந்து பதினாறுகள், 302 பற்றிய அதே பாராட்டு, அதே இடத்தில் அதே மைக்கறை. அந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, கட்டுரைகளை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது உறுதியானது.

இத்தனைக்கும் பிறகு, 'வெளியீட்டுக்குத் தேர்வான கட்டுரைகளில்' எங்களுடையதும் ஒன்று என்ற நற்செய்தி வந்தது. வெளியீட்டுக் கட்டணம் ஆயிரத்து இருநூறு, இணை ஆசிரியரின் சான்றிதழுக்குத் தனியாக நூற்றைம்பது. மறுத்தோம். சில வாரங்களில் எங்கள் கட்டுரை, அமைப்பின் நிறுவனர் பதிப்பாசிரியராக இருக்கும் ஒரு தொகுப்பு நூலில் ஓர் அத்தியாயமாக அவர்கள் தளத்திலேயே விற்பனைக்கு வந்திருந்தது. உள்ளடக்கப் பட்டியலில் முதலில் அவர் பெயர், அடுத்து என் பெயர். தோழியின் பெயரைக் காணவில்லை.

ஐ.எஸ்.எஸ்.என்., ஐ.எஸ்.பி.என். என்ற எழுத்துகளைப் பார்த்ததும் தரத்துக்கு அரசு முத்திரை குத்தியதாக நினைக்கும் பழக்கம் மாணவர்களிடம் மட்டுமல்ல, சில ஆசிரியர்களிடமும் இருக்கிறது. ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர்ந்து வெளிவரும் இதழை அடையாளம் காட்டும் எண் மட்டுமே. இந்தியாவில் அதை சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் கீழ் டெல்லியில் இயங்கும் தேசிய மையம் வழங்குகிறது. கட்டணம் இல்லை, கட்டுரைகளின் தரத்தை அது மதிப்பிடுவதும் இல்லை. நூல்களுக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத்தான் தருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. பராமரித்து வந்த, ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் கேர் பட்டியலும் கைவிடப்படுவதாக 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டுவிட்டதால், 'யு.ஜி.சி. அங்கீகரித்த இதழ்' என்று இன்றும் சுவரொட்டியில் போடுகிறவர்களிடம் எந்தப் பட்டியல் என்று கேட்பது நல்லது.

கட்டுரையை எடுத்துக்கொள்ள அவர்கள் காட்டிய ஆதாரம், பதிவுப் படிவத்தின் இறுதியில் இருந்த 'விதிகளை ஏற்கிறேன்' என்ற கட்டம். அந்த விதிகளில் ஒன்று, அனுப்பப்படும் படைப்புகளின் முழு உரிமையும், பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அமைப்பையே சேரும் என்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்து வடிவில், உரிமையாளர் அல்லது அவரது அங்கீகாரம் பெற்ற முகவரின் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம் என்பதும் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். படிவத்தில் ஒரு கட்டத்தைச் சொடுக்கியது கையொப்பமாகுமா என்று வாதாட இடமிருக்கலாம். ஆனால் 57-ஆம் பிரிவில் வாதத்துக்கு இடமில்லை: பதிப்புரிமையை முழுவதுமாக எழுதிக்கொடுத்துவிட்டாலும், இது என் படைப்பு என்று உரிமை கோரும் அதிகாரம் ஆசிரியரிடமே இருக்கும். இந்தப் பிரிவைக் காட்டி, எங்கள் பேராசிரியர் திருத்திக் கொடுத்த அறிவிப்பை அனுப்பியதும் அத்தியாயம் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. பதில் கடிதமோ பணமோ வரவில்லை.

இதை ஏமாற்றுதல் குற்றமாகக் கொண்டு காவல் நிலையத்துக்குப் போகலாமே என்று பலரும் கேட்டார்கள். குற்றவியல் சட்டப் போட்டியில் ஏமாந்தவர்களுக்குக் குற்றவியல் சட்டமே பயன்படாதா என்ற கேலியும் அதில் இருந்தது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு ஏமாற்றுதலைப் பற்றியதுதான். ஆனால், வாக்குறுதி தந்த அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும், பின்னால் வாக்குத் தவறியது மட்டும் போதாது என்று ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இரண்டு ஒரே மாதிரியான மதிப்பெண் தாள்கள் அந்த எண்ணத்தைக் காட்டுவதாகவே நான் நினைக்கிறேன். ஆயினும் ஐந்நூறு ரூபாய்க்காக வெளிமாநில அமைப்பின் மீது விசாரணை எவ்வளவு தூரம் நகரும் என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதைவிடக் கைக்கு எட்டும் வழியாக இருந்தது. பரிசு தருவதாக அறிவித்த திட்டத்தின் இறுதி முடிவுகளைக் கலந்துகொண்டவர்களுக்குத் தெரிவிக்காமல் வைத்துக்கொள்வது, அந்தச் சட்டத்தின் 2(47)-ஆம் பிரிவில் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. 34-ஆம் பிரிவுப்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், எதிர்த்தரப்பு எந்த ஊரில் இருந்தாலும் சரி. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். அங்கிருந்து சென்ற கடிதத்துக்கும் பதில் வராததால்தான் ஆணையத்துக்குப் போனோம்.

பணம் கட்டும் எண்ணத்தில் இருப்பவர்கள் முதலில் சென்ற ஆண்டின் முடிவைக் கேளுங்கள். வென்ற கட்டுரையைப் படிக்கக் கொடுக்க முடியாத அமைப்பு போட்டியை நடத்தியதா என்பதே ஐயம். நடுவர்களின் பெயர்களைக் கேட்டு, அவர்களில் ஒருவருக்காவது நீங்களே எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள். உரிமை பற்றிய விதி, பரிசு பெறாத கட்டுரைகளையும் விழுங்குகிறதா என்று பாருங்கள். பணம் போகும் யு.பி.ஐ. முகவரி அமைப்பின் பெயரில் இருக்கிறதா, தனிநபர் பெயரில் இருக்கிறதா என்பது ஒரு நிமிட வேலை. எங்கள் விஷயத்தில் அது நிறுவனரின் சொந்த முகவரி.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறிவிட வேண்டாம். எங்கள் குழுவில் கேள்வி கேட்டவர்களை நீக்கிவிட்டு, பழைய செய்திகளையும் ஒவ்வொன்றாக அழித்தார்கள். சுவரொட்டி, விதிகள், பணப் பரிமாற்ற எண், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் அவை வந்த கருவியிலேயே அழிக்காமல் வைத்திருங்கள். சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு தரவேண்டிய சான்றிதழுக்கு இப்போது அட்டவணையிலேயே படிவம் உண்டு. கருவியின் பொறுப்பாளர் ஒரு பகுதியிலும் நிபுணர் ஒருவர் மறு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும் குறியீட்டையும்) எழுத வேண்டும். கைப்பேசியை மாற்றிய பிறகு இதைச் செய்வது கடினம்.

கும்பல் கொலை பற்றிய நியாய சன்ஹிதாவின் 103(2)-ஆம் பிரிவைத் தலைப்பாகக் கொண்ட ஒரு 'முதலாவது தேசியக் கட்டுரைப் போட்டி'யின் சுவரொட்டி இந்த வாரம் எங்கள் குழுவுக்கு வந்தது. அமைப்பின் பெயரும் சின்னமும் புதியவை. யு.பி.ஐ. முகவரி நாங்கள் பணம் கட்டிய அதே முகவரி. அந்த விவரத்தையும் ஆணையத்தில் கூடுதல் ஆவணமாகத் தாக்கல் செய்கிறோம். அதே முகவரிக்குப் பணம் கட்டியவர்கள் இன்னும் இருந்தால், தங்கள் மாவட்ட ஆணையத்தில் தனியாகவே புகார் கொடுக்கலாம். எங்கள் மதிப்பெண் தாளின் நகல் வேண்டுமென்றால் தருகிறோம்.